ஹெசரகட்டாவுக்குப் பறவை பார்க்க வரவிருக்கும் நண்பர்களுக்கு

அன்புள்ள நண்பர்களே,

ஜனவரி ஞாயிற்றுக்கிழமை நடைக்குப் பணம் கட்டிய கையோடு நீங்கள் அனுப்பிய கேள்விகளை ஒரே மூச்சில் படித்தேன். ஜீப் உள்ளே போகுமா, ஆந்தை உறுதியா, எவ்வளவு கிட்டத்தில் நின்று படம் எடுக்கலாம், குறைந்தது எத்தனை இனம் காட்டுவீர்கள், காட்டாவிட்டால் பணம் திரும்ப வருமா என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். மாரத்தஹள்ளி நண்பர் ஒருவர் மட்டும் வேறு மாதிரி கேட்டிருந்தார்: "சாட்டிலைட் படத்துல பாத்தேன் சார், ஒண்ணுமே இல்ல. வெறும் பொட்டல். அங்க ஒரு நாள் பூரா என்ன பண்ணுவோம்?"

அவருக்குப் பதில் சொன்னால் மற்றவர்களுக்கும் பாதி பதில் சொன்ன மாதிரி. அதனால் தனித்தனியாக எழுதாமல் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடல். பெயர் கொடுப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் பெங்களூரு தமிழர்களும் படிக்கலாம். படித்துவிட்டு வராமல் இருந்தாலும் சரிதான்.

ஹெசரகட்டா நகர மையத்திலிருந்து வடமேற்கே முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. ஜாலஹள்ளி, சிக்கபாணாவரா தாண்டிப் போக வேண்டும். ஏரியின் பெயரைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். நந்தி மலையில் பிறக்கும் அர்க்காவதி ஆற்றை மறித்து 1894-இல் கட்டிய ஏரி அது. பெங்களூருக்குக் குழாய் வழியாக முதன்முதலில் தண்ணீர் வந்தது அங்கிருந்துதான். மைசூர் சமஸ்தானத்தில் சேஷாத்ரி ஐயர் திவானாக இருந்த காலம். அந்த அர்க்காவதி கனகபுரா பக்கம் இறங்கிப் போய்க் காவிரியில் கலக்கிறது. ஆக, நாம் நடக்கப்போகும், ஏரியை ஒட்டிய புல்வெளியில் விழுகிற மழையில் ஒரு பங்கு மேட்டூருக்கும் உரியது. காவிரி பற்றி இதற்கு மேல் இந்த மடலில் பேசப்போவதில்லை, பயப்படாதீர்கள்.

நிருத்யகிராமத்துக்கு நாட்டியம் பார்க்கப் போனவர்களும், தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் நாற்றும் விதையும் வாங்கப் போனவர்களும் ஹெசரகட்டா போகும் சாலையில்தான் போயிருப்பீர்கள். இரண்டு பக்கமும் புல் கிடந்திருக்கும். கண் அதில் நின்றிருக்காது. நின்றிருந்தாலும், "இந்த ஊரில் இவ்வளவு இடம் இன்னும் விற்காமலா இருக்கிறது?" என்றுதான் ஓடியிருக்கும். உங்களைக் குறை சொல்லவில்லை. முப்பதுக்கு நாற்பது மனை, அறுபதுக்கு நாற்பது மனை என்று அளந்து அளந்தே வாழ்கிற ஊரில் திறந்த நிலத்தைப் பார்த்ததும் மனசு கல் ஊன்றத் தொடங்கிவிடுகிறது.

அரசாங்கமும் அப்படித்தான் பார்க்கிறது. ஒன்றிய அரசு தரிசு நிலங்களுக்கென்று தனியாக ஒரு வரைபடத் தொகுப்பே வெளியிடுகிறது. நாட்டின் புல்வெளிகளும் புதர்க்காடுகளும் பெருமளவில் அந்தக் கணக்கில்தான் சேர்கின்றன. தரிசு என்று ஒருமுறை எழுதிவிட்டால் அதை 'பயன்படுத்துவது' நல்ல காரியமாகிவிடும். நம் ஊரில் மேய்க்கால் புறம்போக்குக்கு நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. பேருந்து நிலையம், சமத்துவபுரம், கல்லூரி எல்லாம் எங்கே எழுந்தன என்று பாருங்கள். கர்நாடகத்தில் அதற்கு கோமாளா என்று பெயர். அதைவிடப் பெரியவை அம்ருத் மஹால் காவல்கள். மைசூர் அரசர்களும் ஹைதர் அலியும் திப்புவும் படைக்கு வண்டி இழுக்கும் மாடுகளை வளர்க்க ஒதுக்கி வைத்த மேய்ச்சல் வெளிகள் அவை. சித்ரதுர்கா மாவட்டம் சள்ளகெரே பக்கத்தில் அப்படிப்பட்ட காவல் நிலத்தில் சுமார் 10,000 ஏக்கரை 2008-க்குப் பிறகு பாதுகாப்பு ஆராய்ச்சிக்கும் விண்வெளிக்கும் அணுசக்திக்கும் அறிவியல் கழகத்துக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். தலைமுறை தலைமுறையாக ஆடு மேய்த்தவர்கள் ஒரு நாள் காலை எழுந்து பார்த்தால் சுவர் நிற்கிறது. வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது.

ஹெசரகட்டாவும் மயிரிழையில் தப்பிய இடம். பெரும்பகுதி கால்நடைத் துறையின் நிலம். அங்கே திரைப்பட நகரம் கட்டும் திட்டம் ஒரு காலத்தில் மும்முரமாக இருந்தது. 2011-இல் இந்தப் புல்வெளியில் வரகுக்கோழி ஒன்று தென்பட்டது. ராஜஸ்தானிலும் குஜராத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் மழைக்காலத்தில் முட்டையிடும் பறவை அது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண், புல்லுக்கு மேலே தலை தெரிய எம்பி எம்பிக் குதிக்கும். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை. உலகில் இன்று மிக அருகிவிட்ட பறவைகளில் ஒன்று. அது பெங்களூரு விளிம்பில் வந்து நின்றதும், 'ஒன்றுமே இல்லாத' இடத்தைப் பற்றிப் புகைப்படக் கலைஞர்களும் பறவை ஆர்வலர்களும் வழக்கறிஞர்களும் உரக்கப் பேசத் தொடங்கினார்கள். நீதிமன்றத்துக்குப் போனார்கள். பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கும் யோசனையை 2021 ஜனவரியில் மாநில வனவிலங்கு வாரியம் நிராகரித்தது. உள்ளூரில் எதிர்ப்பு இருந்தது. தங்கள் மேய்ச்சலும் நிலமும் போய்விடுமோ என்ற அச்சத்தை வெறும் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. பிறகு 2024 அக்டோபரில் அதே வாரியம் 5,678 ஏக்கர் பரப்பை 'பெரிய ஹெசரகட்டா புல்வெளிப் பாதுகாப்புக் காப்பகம்' ஆக்க ஒப்புதல் தந்தது. மாரத்தஹள்ளி நண்பரே, நீங்கள் சாட்டிலைட்டில் பார்த்த பொட்டல் இதுதான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்களில் சிலர், "பறவை பார்த்துவிட்டு அப்படியே நூறு கன்று நட்டுவிட்டு வரலாமா, எங்கள் கம்பெனியே கன்று தரும்" என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல மனசு. ஆனால் வேண்டாம். புல்வெளியில் மரம் நடுவது அந்த இடத்தை வளர்ப்பதாகாது, மாற்றுவதாகும். நிழல் விழுந்தால் வெயில் தேடும் புல் சாகும். மரக்கிளை கிடைத்ததும் காகமும் பருந்தும் அமர்ந்து, கீழே தரையில் கூடு கட்டியிருக்கும் வானம்பாடியையும் காடையையும் மேலிருந்து வேட்டையாடும். புல்வெளிப் பறவைகள் பல, நாலு பக்கமும் திறந்து தெரியாத இடத்தில் கூடே கட்டுவதில்லை. இந்த நாட்டில் புல்வெளிகளை அழித்தவர்களில் மனை விற்றவர்களோடு மரம் நட்ட நல்லவர்களுக்கும் பங்கு உண்டு. கன்றுகளை உங்கள் குடியிருப்புக்குள் நடுங்கள். அங்கே நிழல் இல்லாமல் பிள்ளைகள் தவிக்கிறார்கள்.

சரி, நாள் முழுக்க என்ன செய்வோம்?

விடியும் முன்னே போய்விடுவோம். ஜனவரியில் சூரியன் தலைகாட்ட ஆறே முக்கால் ஆகும். அதுவரை புல்லெல்லாம் பனி. முதல் ஒரு மணி நேரம் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. இதை முன்கூட்டியே சொல்வது நல்லது, ஏனென்றால் புதிதாக வருபவர்கள் அந்த ஒரு மணி நேரத்தில்தான் மனம் உடைந்து போகிறார்கள். காட்டில் பறவை பார்ப்பது வேறு. மரத்தில் நிறம் தெரியும், அசைவு தெரியும். புல்வெளியின் பறவைகளோ புல்லின் நிறத்திலேயே இருக்கின்றன. நெட்டைக்காலி, வானம்பாடி, காடை எல்லாமே பழுப்பு, கோடு, பழுப்பு. வழிகாட்டி "அதோ" என்பார். நீங்கள் பைனாகுலரைத் தூக்குவதற்குள் அது மண்ணாங்கட்டியாகிவிடும். தேர்ந்தவர்களே நெட்டைக்காலியின் பின்விரல் நகம் எவ்வளவு நீளம், அலகு எவ்வளவு தடிமன் என்று புல்லுக்கு நடுவே நின்று வாக்குவாதம் செய்வார்கள். அந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டிருப்பதே சுவாரசியம்.

பிறகு கண் பழகும். வெயில் ஏறப் புல் உலரும், வெட்டுக்கிளிகள் கிளம்பும், அவற்றின் பின்னே மற்றதெல்லாம் கிளம்பும். வேலிக்கம்பத்தில் கீச்சான் வந்து உட்காரும். புதர்ச்சிட்டு, ஆண் கருப்பு, பெண் மண்ணிறம், கல்லுக்குக் கல் தாவும். மஞ்சள் மூக்கு ஆள்காட்டி உங்களுக்கு முன்னால் நாலெட்டு ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். ஏரிக்கரையில் சத்தம் போடும் சிவப்பு மூக்கு ஆள்காட்டிதான் உங்களுக்குப் பழக்கம். இது வறண்ட வெளியை விரும்பும் உறவினர், குரலும் தாழ்ந்தது. கருந்தோள் பருந்து ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும். பத்து மணிக்கு மேல் தரை சூடாகிக் காற்று எழும்போது பாம்புக்கழுகு, அத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு, அதே போல வானத்தில் நின்று காட்டும்.

பனங்காடை கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம். கர்நாடகத்தின் மாநிலப் பறவை. கம்பியில் உட்கார்ந்திருக்கும்போது சாதாரணமாகத்தான் இருக்கும், பறந்தால் சிறகு நீலம் விரியும். நம்மில் பலர் சிறுவயதில் ஊரில் தந்திக்கம்பிகளில் சும்மா பார்த்த பறவை. 2023-இல் வெளிவந்த 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை, சுமார் 30,000 பறவை ஆர்வலர்கள் சேர்த்த 3 கோடிப் பதிவுகளை வைத்து 942 இனங்களை ஆராய்ந்தது. நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்தவை 338 இனங்கள். அவற்றில் 60 சதவீதம் குறைந்திருக்கின்றன. திறந்த வெளிப் பறவைகளுக்கு அடி பலம். உலக அளவில் நிலையை மறுபடி மதிப்பிடச் சொல்லி அந்த அறிக்கை பரிந்துரைத்த 14 இனங்களில் பனங்காடையும் உண்டு. அந்தப் பதிவுகளைச் சேர்த்தவர்கள் விஞ்ஞானிகள் மட்டும் இல்லை. பொங்கல் விடுமுறையில் கம்மாய்க்கரைக்குப் போய்க் கொக்கு எண்ணி எழுதியவர்களும்தான். அன்று நாமும் ஒரு பட்டியல் போட்டு அனுப்புவோம். எண்ணத் தெரிந்த பிள்ளைகளுக்கு அதுதான் வேலை.

ஆனால் இந்த நடையை ஜனவரியில் வைத்ததற்குக் காரணம் பூனைப்பருந்துகள்.

மெலிந்த உடம்பு, நீண்ட சிறகு, நீண்ட வால். புல் நுனியை உரசுகிற உயரத்தில், சிறகை மேலே சற்றுத் தூக்கி வைத்துக்கொண்டு, இங்கும் அங்கும் சாய்ந்து சாய்ந்து வரும். முகம் ஆந்தை முகம் போல வட்டமாக இருக்கும். புல்லுக்குள் கேட்கும் ஓசையை அந்த வட்டம் காதுக்குத் திருப்பிவிடுகிறது. பார்ப்பது பாதி, கேட்பது பாதி என்று வேட்டையாடும் பறவை. ஆண் வெளிர்சாம்பல். பெண்ணும் குஞ்சும் பழுப்பு, வாலடியில் வெள்ளைப் பட்டை. இரண்டு மூன்று இனங்கள் ஒரே வெளியில் வரும். அவற்றின் பெண்களைப் பிரித்துச் சொல்ல இன்றுவரை சண்டை நடக்கிறது.

இவை எங்கிருந்து வருகின்றன? கஜகஸ்தானிலிருந்தும் தெற்கு ரஷ்யாவிலிருந்தும். அங்கே ஸ்டெப்பி எனப்படும் கரை காணாப் புல்வெளியில் தரையில் கூடு கட்டி, குஞ்சு பொரித்து, பனி விழுவதற்குள் கிளம்பி, செப்டம்பர் அக்டோபரில் நம் பக்கம் வந்து சேர்கின்றன. மார்ச், ஏப்ரலில் திரும்பிவிடுகின்றன. ஒரு புல்வெளியிலிருந்து இன்னொரு புல்வெளிக்கு. நடுவே இருக்கும் மலை, பாலைவனம், நகரம் எதுவும் அவற்றுக்கு வீடில்லை. குஜராத்தின் வேளாவதரில் ஆயிரக்கணக்கில் ஒரே இடத்தில் இரவு தங்கியது உலகப் பிரசித்தம். ஆந்திராவின் ரோளபாடு, நம் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து வெளிகள், பிறகு இந்த ஹெசரகட்டா என்று அவற்றின் தங்கல்கள் தெற்கே நீள்கின்றன. பெங்களூரில் இருக்கும் ஏட்ரீ (ATREE) ஆராய்ச்சி நிறுவனத்தார் பல ஆண்டுகளாக இந்தத் தங்கல்களைப் பின்தொடர்ந்து எண்ணி வருகிறார்கள். எண்ணிக்கை விழுந்துகொண்டே வருகிறது. அவை இங்கே தின்பது பெரும்பாலும் வெட்டுக்கிளி. வயலில் மருந்து அடித்தால் வெட்டுக்கிளியும் போகிறது, மிஞ்சிய வெட்டுக்கிளி வழியாக மருந்து பறவைக்குள்ளும் போகிறது. விவசாயிக்குக் கூலி கேட்காமல் பூச்சி பொறுக்கித் தந்த ஆளை நாமே விரட்டிக்கொண்டிருக்கிறோம்.

அவை இரவில் உறங்குவது மரத்தில் இல்லை. தரையில், புல்லுக்குள். மாலை ஐந்தரைக்கு மேல் நாலா திசையிலிருந்தும் ஒவ்வொன்றாக வரும். உடனே இறங்காது. சுற்றும், தாழும், மறுபடி எழும். பாதுகாப்பு என்று தோன்றிய பிறகுதான் இருட்டோடு இருட்டாகப் புல்லுக்குள் விழும். அந்த நேரத்தில் புல்லுக்குள் ஒரு மனிதர் நடந்தாலோ ஒரு நாய் ஓடினாலோ அத்தனையும் எழுந்துவிடும். இருட்டிய பிறகு எழுந்த பறவைக்குப் போக வேறு இடம் கிடையாது. இரண்டு மூன்று மாலை இப்படி நடந்தால் தங்கலையே கைவிட்டுவிடும்.

இந்த இடத்தில்தான் வழிகாட்டி பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

பெங்களூரில் பறவை பார்க்க யாரும் பணம் கொடுக்கத் தேவையில்லை. லால்பாகில் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காலை நடை பல பத்தாண்டுகளாக நடக்கிறது. ஜோசப் ஜார்ஜ் போன்ற முன்னோடிகள் உருவாக்கிய வழக்கம். போய் நின்றால் போதும், பழம்பெரும் ஆட்கள் தங்கள் பைனாகுலரைக் கழற்றி உங்கள் கையில் தருவார்கள். மரத்துப் பறவைக்கு அது பொருந்தும், கூட்டமாய்ப் போனாலும் பெரிய கேடில்லை. புல்வெளிக்குக் கூட்டமாய்ப் போவதுதான் ஆபத்து. அதனால்தான் சிறு குழு, அதனால்தான் கட்டணம், அதனால்தான் ஒரு வழிகாட்டி. நீங்கள் கட்டிய பணம் பறவையைக் கிட்டத்தில் கொண்டுவந்து காட்டுவதற்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்களைத் தள்ளி நிறுத்துவதற்கு ஒருவருக்குக் கொடுக்கும் கூலி அது.

போன குளிர்காலத்தில் ஒரு குழு வந்தது. யார் என்று சொல்லப்போவதில்லை. குட்டைக்காது ஆந்தை என்று ஒன்று வடக்கிலிருந்து குளிர்காலத்தில் வரும், பகலில் புல்லுக்குள் தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும். அதைப் பார்க்க வேண்டும் என்று வந்தவர்கள் வழிகாட்டியை நச்சரித்தார்கள். ஐம்பது மீட்டரில் காட்டினார் அவர். போதவில்லை. கண் மஞ்சளாகத் தெரிய வேண்டுமாம். வரிசையாக நின்று புல்லை மிதித்துக்கொண்டே போனார்கள். ஆந்தை எழுந்தது. பகல் வெளிச்சத்தில் ஆந்தை எழுந்தால் காகங்கள் விடுமா? துரத்தித் துரத்தி ஏரிப்பக்கம் கொண்டுபோய்விட்டன. எல்லோருக்கும் பறக்கும் படம் கிடைத்தது. வழிகாட்டிக்கு ஐந்து நட்சத்திரம் கிடைத்தது. முந்தின வாரம் அதே ஆந்தையை நெருங்கவிடாமல் நிறுத்திய இன்னொரு வழிகாட்டிக்கு, "ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதி இரண்டு நட்சத்திரம் போட்டிருந்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். வழிகாட்டியாக வரும் இளைஞருக்கு இது வயிற்றுப்பாடு. வாரக் கடைசியில் கிடைக்கும் இரண்டு நடைகளின் கூலியில்தான் வண்டிக்கு பெட்ரோல், பைனாகுலருக்குத் தவணை. மறுத்தால் நட்சத்திரம் குறையும், நட்சத்திரம் குறைந்தால் அடுத்த குழு வராது. நாம் போடும் மதிப்பெண்ணே அவரைப் புல்லுக்குள் தள்ளுகிறது. எனவே உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று: அவர் "இதுக்கு மேல வேண்டாம் சார்" என்று எத்தனை முறை சொன்னார் என்று எண்ணி, அந்த எண்ணிக்கைக்கு நட்சத்திரம் போடுங்கள்.

உலகில் மற்ற இடங்களில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்றால், அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் பிரெய்ரிக்கோழி ஆடுவதைப் பார்க்க வசந்த காலத்தில் ஆட்களை அழைத்துப் போகிறார்கள். சூரியன் எழ இன்னும் நேரம் இருக்கும்போதே இருட்டில் நடத்திக் கூட்டிப் போய் ஒரு மரப்பெட்டி மறைவிடத்தில் உட்கார வைத்துவிடுவார்கள். பறவைகள் வந்து, ஆடி, சண்டை போட்டு, தாமாகக் கலைந்து போகும் வரை யாரும் வெளியே வரக்கூடாது. குளிரோ அவசரமோ, அது உங்கள் பாடு. பறவை முடித்த பிறகுதான் பார்வையாளர் முடிக்கலாம் என்பது ஒப்பந்தம். அங்கே அந்தக் கண்டிப்பு வந்ததற்கும் காரணம் உண்டு. உயரப்புல் பிரெய்ரியை உழுது மக்காச்சோளம் போட்டதில் இன்று நூற்றுக்கு நாலு பங்குகூட மிஞ்சவில்லை. பிரெய்ரிக்கோழியின் கிழக்குக் கடற்கரைத் துணையினமான ஹீத் கோழி 1932-இல் ஒரு தீவில் கடைசியாகப் பார்க்கப்பட்டதோடு முடிந்துபோனது. தொலைத்த பிறகு கற்றார்கள். நமக்குத் தொலைக்க இன்னும் கொஞ்சம் மீதி இருக்கிறது; கர்நாடகத்திலேயே பாருங்கள், புல்வெளிப் பறவையான கானமயில் என்று சொல்ல சிருகுப்பா பக்கம் விரல்விட்டு எண்ணக்கூடியவையே மிச்சம்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை சில வழக்கங்கள். வண்டி புல்லில் ஏறாது. ஏற்கெனவே உள்ள தடத்தில்தான் நிற்கும், நாமும் தடத்தில்தான் நடப்போம். டயர் பட்ட புல் அடுத்த மழை வரை எழுவதில்லை, ஒருவர் போன தடத்தில் ஒன்பது பேர் போய்ச் சாலையாக்கிவிடுவார்கள். கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கும் வித்தை வேண்டாம். தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் வந்துவிட்டான் என்று நம்பி அது இரை தேடுவதை விட்டுவிட்டு அலையும். டிரோன் கூடவே கூடாது. கழுகுகள் அதைத் தாக்க வரும். செல்ல நாயை வீட்டில் விட்டு வாருங்கள். எங்கு பார்த்தோம் என்பதைப் படத்தோடு சேர்த்து உடனே ஊரெல்லாம் அனுப்ப வேண்டாம், ஆந்தையாக இருந்தால் எப்போதுமே வேண்டாம். ஆள்காட்டி ஒன்று சிறகு ஒடிந்த மாதிரி உங்கள் முன்னால் நொண்டி நடித்தால், பாவம் என்று பின்தொடராதீர்கள். முட்டை உங்கள் காலடியில் எங்கோ கூழாங்கல் போலக் கிடக்கிறது, வந்த வழியே திரும்புங்கள். ஜனவரியில் இது அபூர்வம், வெயில் காலத்தில் மறுபடி வருகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவும்.

ஆடு மேய்ப்பவர்களைப் பார்ப்போம். படத்தில் விழுகிறார் என்று அவரை நகரச் சொல்லாதீர்கள். போன முறை ஒருவர் அப்படிச் சொன்னார், எனக்கு வெட்கமாகிவிட்டது. மேய்ச்சல் அளவோடு இருந்தால் புல்வெளி புதராக மூடாமல் இருக்கிறது. நரி எங்கே குட்டி போட்டது, எந்தப் பள்ளத்தில் காடை படுக்கும் என்பதெல்லாம் எந்தக் கையேட்டையும்விட அவருக்குத் தெரியும். கன்னடத்தில் இரண்டு வார்த்தை பேசுங்கள். இத்தனை வருடம் இந்த ஊர்த் தண்ணீர் குடித்தும் "நமஸ்காரா, சென்னாகிதீரா" சொல்ல வராது என்றால் பேருந்தில் வரும்போது கற்றுக்கொள்ளலாம், நேரம் இருக்கிறது.

மாலை ஐந்து மணிக்குப் புல்லை விட்டு வெளியே வந்துவிடுவோம். பூனைப்பருந்துகள் இறங்குவதைச் சாலையோரத்தில் நின்று ஸ்கோப் வழியாகத்தான் பார்ப்போம். வரிசையில் நின்று ஆளுக்கு அரை நிமிடம். தூரத்தில் சின்னதாகத்தான் தெரியும். படம் எடுத்தால் சாம்பல் புள்ளி விழும். இதற்குத்தான் வந்தோமா என்று தோன்றுகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிட்டேன்.

இனி சில்லறை விஷயங்கள். சாம்பல், காக்கி, மங்கிய பச்சை உடை. வெள்ளையும் பளீர் சிவப்பும் வேண்டாம். முழுக்கால் சட்டை, மூடிய காலணி, ஏனென்றால் ஊசிப்புல் காலுறைக்குள் ஏறி நாள் முழுக்கக் குத்தும். தொப்பி, இரண்டு லிட்டர் தண்ணீர். உள்ளே கழிப்பறை கிடையாது. காலைச் சிற்றுண்டிக்குத் தட்டை இட்லிக் கடையில் நிறுத்தும்போது முடித்துக்கொள்ளவும், பெண்களுக்காக மதியம் ஒருமுறை ஊருக்குள் வண்டி போய் வரும். எட்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு முழு நாள் கஷ்டம். அவர்களைக் கூட்டி வருகிறவர்கள் மதியம் கிளம்பும் வேனில் திரும்பலாம். பைனாகுலர் இல்லாதவர்கள் சொன்னால் இரவல் ஏற்பாடு செய்கிறோம். பறவைகளின் தமிழ்ப் பெயர் தேடுகிறவர்கள் க. ரத்னத்தின் 'தமிழ்நாட்டுப் பறவைகள்' கிடைத்தால் வாங்கி வையுங்கள்; பேருந்தில் என் பிரதி சுற்றுக்கு வரும், ஓரத்தை மடக்காமல் திருப்பித் தரவும்.

காலை நாலே முக்காலுக்கு யஷ்வந்த்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே வண்டி நிற்கும். ஐந்துக்குக் கிளம்பிவிடும், தாமதமாக வருகிறவர்களுக்காக நிற்காது. இதையெல்லாம் படித்த பிறகு வர விருப்பமில்லை என்றால் வெள்ளிக்கிழமை மாலைக்குள் சொல்லிவிடுங்கள், பணம் முழுவதும் திரும்ப வரும். காத்திருப்போர் பட்டியலில் ஆட்கள் இருக்கிறார்கள். ஆந்தை வராவிட்டால் மட்டும் பணம் திரும்ப வராது.

அன்புடன்,
ஞாயிறு நடையை ஒருங்கிணைப்பவன்
பெங்களூரு